பிரசவ அறைக்கு வந்த வெள்ளைத் துணி

சேசு மரி சூசை துணை

ஒன்பதாங்கட்டைத் தோட்டம்,
செமோர்.
6 செப்டம்பர் 1926

அன்பு நிறைந்த இசபெல்லாவுக்கு,

முத்தம்மா நேற்றுப் பிற்பகல் இறந்துபோனாள். பிறர் வாயால் உனக்கு எட்டுவதற்கு முன் நானே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாடி அடங்கும்போது அவள் கையைப் பிடித்திருந்தவன் நான். ஆகையால் இதில் கேள்விப்பட்டது எதுவும் இல்லை. பிள்ளை பெற்ற சில நாளில் குளிர் கண்டது. பிறகு ஏறிய காய்ச்சல் இறங்கவே இல்லை. பெண் குழந்தை சுகமாக இருக்கிறது. முத்தம்மாவின் அக்காள் தன் பிள்ளையோடு சேர்த்து அதற்கும் பால் கொடுக்கிறாள்.

டிரெசராக நான் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் நம் தோட்டத்து ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில் இப்படிக் காய்ச்சல் கண்டு போனவர்களில் இவள் மூன்றாவது. மூன்று பேரும் இந்த வருஷம் ஏப்ரலில் வந்த பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு.

அடக்கம் முடிந்து வரும் வழியில் அவள் புருஷன் மாயாண்டி என்னை நிறுத்தினான். குடித்திருக்கவில்லை. "கட்டுன புருசன் நான் உசுரோட இருக்கயில எம் பொஞ்சாதிய ஏன்யா வெள்ளத்துணியில கெடத்துனீங்க?" என்று கேட்டான். துக்கத்தில் இருப்பவனோடு என்ன பேசுவது? தோளைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நீ அப்பா வீட்டுக்குப் போய் ஆறு வாரம் ஆகப்போகிறது. போகுமுன் குழாயடியில் எல்லோர் காதிலும் விழ, "என் பிள்ளையும் நம் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதை யாரும் மறக்கவில்லை. இருளாயிக்கும் உன்னோடு ஒட்டித்தான் நாள் வருகிறது. "அம்மா வந்தா நானும் வாரேன்" என்கிறாள். பெண்கள் வராவிட்டால் வருஷ முடிவில் அந்த அறையை ரப்பர் ஷீட் அடுக்கும் கொட்டகையாக ஆக்கிவிடுவதாகத் தோட்டத்துத் துரை சொல்லியிருக்கிறார்.

அறை சுத்தமாக இருக்கிறது, இசபெல்லா. நீ பயப்படாதே. என்றைக்கு வருகிறாய் என்று எழுது.

உன்
கஸ்பார்

*

சிலிபின்,
ஈப்போ.
11 செப்டம்பர் 1926

அன்புள்ள அத்தானுக்கு இசபெல்லா எழுதிக்கொண்டது.

தங்கள் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத்து வரவில்லை. கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். வயிற்றில் இருப்பதும் சும்மா இருக்கவில்லை. இரவெல்லாம் இடம் மாறி மாறிப் படுக்கிறது.

அறை சுத்தமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முத்தம்மாவுக்கும் இதையேதான் சொன்னோம். நீங்கள் சொன்னதைவிட நான் அதிகம் சொன்னேன். கூலிகள் வசிக்கும் லயத்து வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறேன் என்றவளை, "இருட்டு அறையில், சாணி மெழுகின தரையில் எதற்கடி" என்று இங்கே வருமுன் நான்தான் இணங்க வைத்தேன். இப்போது அதே வாயால் என்னை நானே எப்படி அனுப்பிக்கொள்வது?

அப்பா ரயில் ஆபீசிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, "மாப்பிள்ளை எழுதினாரா?" என்று மட்டும் கேட்பார். ரோசம்மா அக்காதான் ஓயாமல் பேசுகிறாள். "ஊரில் மருத்துவச்சி இருக்கிறாள், பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. மூணு பொணம் விழுந்த ரூமுக்கு எவளாவது ரயிலேறிப் போவாளா?" என்கிறாள்.

வருவேன் என்றும் எழுதவில்லை, வரமாட்டேன் என்றும் எழுதவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். போன வருஷம் முழுதும் அந்த அறையில் பெண்கள் பிள்ளை பெற்றுப் போனார்கள். ஒருத்திக்கும் காய்ச்சல் வரவில்லை. அறை அதே அறை, ஆயா அதே காளியம்மா, நீங்களும் அதே நீங்கள். பாஸ்குவுக்குப் பிறகு அங்கே எது மாறியது? கோபப்படாமல் யோசித்து எழுதுங்கள்.

சட்டைகளைச் சலவைக்குப் போடுகிறீர்களா, அல்லது நாற்காலியில் குவித்து வைத்திருக்கிறீர்களா?

தங்கள்
இசபெல்லா

*

ஒன்பதாங்கட்டைத் தோட்டம்,
செமோர்.
19 செப்டம்பர் 1926

அன்பு நிறைந்த இசபெல்லாவுக்கு,

ஈப்போவிலிருந்து பெரிய டாக்டர் புதன்கிழமை வந்தார். பிரசவ அறையில் தரை, கட்டில், கை கழுவும் பேசின், கொதிகலன் எல்லாவற்றையும் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை என்று துரையிடம் என் எதிரிலேயே சொன்னார். இது நேரில் கேட்டது.

மாறியது எது என்று கேட்டிருந்தாய். மாறியது ஒன்றே ஒன்று. அதுவும் நன்மைக்கு மாறியது. முன்பு பிரசவத்துக்கு ஐடோபாரம் ஊறிய மஞ்சள் துணி வாங்குவோம். அந்த வாடை உனக்கே தெரியும். நான் வீட்டுக்கு வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வாய். பாஸ்கு முதல் பினாங்கிலிருந்து புது மருந்துத் துணி வருகிறது. வெள்ளை வெளேரென்று, வாடையே இல்லாமல் இருக்கும். பாதரச மருந்தில் ஊறவைத்து உலர்த்தி, தகர டப்பாவில் காற்றுப் புகாமல் ஈயம் வைத்து அடைத்திருப்பார்கள். அதன்மேல் கிருமி உட்கார்ந்தால் செத்துப்போகும் என்று டாக்டரே சொல்கிறார். டப்பாவை நானே வெட்டுகிறேன். அதற்குமுன் கார்பாலிக் நீரில் முழங்கை வரை கழுவுகிறேன். துணியைக் காகிதத்தோடு கதவருகில் காளியம்மா கையில் கொடுக்கிறேன். பிறகு கதவைச் சாத்திவிடுவார்கள். ஆபத்தென்று கூப்பிட்டாலொழிய ஆண்பிள்ளைக்கு அங்கே வேலையில்லை. தீட்டுத் துணியையும் அவளே சுருட்டி எடுத்துப்போய்ப் பின்னால் குழியில் எரித்துவிடுகிறாள்.

இதில் பிழை எங்கே? நீயே சொல்.

போன ஞாயிறு இன்னொன்றும் நடந்தது. மங்களம் என்கிற நிறைசூலியை வலி எடுக்குமுன்பே சேர்த்து வைத்திருந்தேன். பொழுது விடிந்து பார்த்தால் கட்டிலில் ஆளில்லை. ஈப்போவில் நகரசபை மாட்டுவண்டி ஓட்டும் அண்ணன் வீட்டுக்கு ஓடிவிட்டாளாம். திங்கட்கிழமை பெரட்டுக்களத்தில், பேர் கூப்பிடும் நேரத்தில், பின்வரிசையிலிருந்து ஒருத்தி எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்: "டிரெசரு பொஞ்சாதி மட்டும் டவுன்ல பெத்துக்குவா. நாம இங்கன சாவலாம்லா." கங்காணி உட்படச் சிரித்தார்கள்.

இருளாயி இன்னும் சிரிக்கவில்லை. தினமும் வேலைக்குப் போகுமுன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, நீ வந்துவிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போகிறாள். நான் என்ன சொல்லட்டும்? சொந்த மனைவி நம்பாத டிரெசரை வேறு யார் நம்புவார்கள்?

சட்டைகள் நாற்காலியில்தான் கிடக்கின்றன.

உன்
கஸ்பார்

*

சிலிபின்,
ஈப்போ.
28 செப்டம்பர் 1926

அன்புள்ள அத்தானுக்கு,

மங்களத்தைப் பார்த்துவிட்டேன். நேற்றுக் காலை ரோசம்மா அக்காளோடு ரிக்‌ஷா பிடித்து நகரசபைக் கூலிகள் குடியிருக்கும் வரிசைக்குப் போய், அண்ணன் வீட்டிலேயே அவளைக் கண்டேன். அவளுக்கு வியாழக்கிழமை ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. இனி நான் எழுதுவது அவள் வாயால் கேட்டது. தயவுசெய்து இறுதிவரை படித்துவிட்டு எழுந்திருங்கள்.

ஏன் ஓடிவந்தாய் என்று கேட்டேன். டிரெசர் அடித்தாரா, ஏசினாரா என்று அக்காள் கேட்டதும் சிரித்துவிட்டாள். "ஐயா பாவம், சத்தமாக்கூடப் பேச மாட்டாரு" என்றாள். பிறகு தானாகவே துணிப் பேச்சை எடுத்தாள்.

"அம்மா, நீங்களே சொல்லுங்க. எம்புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கான். வெள்ளத்துணியில என்னையப் படுக்கப் போட்டா அவனுக்கு ஆகுமா? நான் என்ன தாலியறுத்தவளா?"

அப்படியானால் மற்றப் பெண்கள் எப்படிப் படுத்தார்கள் என்று கேட்டேன்.

"காளியக்கா நல்ல மனுசி. ஐயா கதவச் சாத்துனதும் துணிய மஞ்சத்தண்ணியில முக்கிப் புழிஞ்சுதான் தருவா. மொதல்ல வந்துச்சே மஞ்சத்துணி, அதுக்கு இந்த வேல இல்ல. வெள்ளத்துணி வந்தப்பறம் அறைக்குப் பின்னால தனியா ஒரு ஜாடி வச்சிருக்கா."

எந்தத் தண்ணீர் என்று கேட்டேன்.

"ஆத்துத் தண்ணிதான். காச்சுன தண்ணி சடங்குக்கு ஆகுமா?"

அத்தான், லயத்துக்குக் கீழே ஓடும் அந்த ஆறு உங்களுக்குத் தெரியும். அதில் என்னென்ன கழுவுகிறார்கள் என்றும் தெரியும். நீங்கள் முழங்கை வரை கழுவிக் கொடுத்த துணி, கதவு சாத்தியதும் அந்தத் தண்ணீருக்குள் போயிருக்கிறது. ஜாடியில் அந்தத் தண்ணீர் எத்தனை நாள் நின்றதோ, யார் கண்டது? பாதரச மருந்து அதில் கரைந்துபோயிருக்கும்.

இதில் என்னைக் கலங்க வைத்தது வேறொன்று. மங்களம் பயந்ததும் அதே மூன்று சாவுக்காகத்தான். ஆனால் அவள் கணக்கு வேறு. "மஞ்சளே காப்பாத்தலன்னா அந்த ரூமுல வேற என்னமோ இருக்கு, அதான் ஓடியாந்துட்டேன்" என்றாள்.

திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் நான் நம் கல்யாணத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைப் புடவை கட்டி, வெள்ளை முக்காடு போட்டுத்தானே பீடத்துக்கு வந்தேன். நமக்கு வெள்ளை என்றால் கல்யாணம், ஞானஸ்நானம், புதுநன்மை. அந்தப் பெண்களுக்கு அது விதவையின் நிறம். மாயாண்டி நடுவழியில் நிறுத்திக் கேட்டானே. எழுதிய உங்களுக்கும் புரியவில்லை, படித்த எனக்கும் புரியவில்லை.

காளியம்மாவிடம் கேட்கும்போது தன்மையாகக் கேளுங்கள். அவள் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. உங்கள் சத்தம் மங்களத்துக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

தங்கள்
இசபெல்லா

*

ஒன்பதாங்கட்டைத் தோட்டம்,
செமோர்.
4 அக்டோபர் 1926

இசபெல்லாவுக்கு,

ஜாடி இருக்கிறது. அறைக்குப் பின்னால், விறகு அடுக்கியிருக்கும் மறைவில், கோணிச்சாக்கு போட்டு மூடியிருந்தது. உன் கடிதம் வந்த அன்றே போய்ப் பார்த்தேன். அடியில் மஞ்சள் வண்டலாகப் படிந்திருந்தது. மேலே கொசுப்புழு.

நீ தன்மையாகக் கேட்கச் சொன்னாய். நான் அப்படிக் கேட்கவில்லை. மருந்து வாங்க வந்தவர்கள் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே ஜாடியை உதைத்துக் கவிழ்த்தேன். "மூணு பேரைக் கொன்னுட்டியே" என்று கத்தினேன். காளியம்மா "நானா கொன்னேன்னு சொல்லுறீங்க?" என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு சாவிக் கொத்தை மேசையில் வைத்துவிட்டு லயத்துக்குப் போய்விட்டாள்.

அன்று முதல் பிரசவ அறைக்கு மட்டுமல்ல, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா வாங்கவும் பெண்கள் வருவதில்லை. இருளாயி வாசலில் நின்று கேட்பதும் நின்றுவிட்டது.

டாக்டரிடம் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார். ஜாடியின் அடியில் மிஞ்சியிருந்த தண்ணீரையும் ஒரு துண்டுத் துணியையும் போத்தலில் அடைத்துக் கோலாலம்பூர் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பியிருக்கிறார். ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். தண்ணீர் காரணமாக இருக்கலாம், நிச்சயமில்லை. இந்தக் காய்ச்சல் கையாலும் வரும், ஆயா கையாலும் வரும், டிரெசர் கையாலும் வரும் என்றார். ஆபத்தென்று கூப்பிட்டபோது மூன்று பேரிடமும் நான் உள்ளே போயிருக்கிறேன். கழுவித்தான் போனேன். துணியில் மஞ்சளைக் கண்டபோதும் உடம்பில் பூசியதன் கறை என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் அன்றிலிருந்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சோறு பிசையும்போதும் அதே நினைவு.

உன்னை வரச் சொல்லி இந்தக் கடிதத்தில் கேட்க எனக்கு வாய் இல்லை.

கஸ்பார்

*

சிலிபின்,
ஈப்போ.
8 அக்டோபர் 1926

அன்புள்ள அத்தானுக்கு,

அப்பா உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்தார். இதுவரை கேட்டதில்லை. படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "மாப்பிள்ளை மறைக்கவில்லை" என்றார். அவ்வளவுதான்.

காளியம்மா வீட்டுக்குப் போங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டனுப்ப வேண்டாம், நீங்கள் போங்கள். வராந்தாவில் பத்துப் பேர் பார்க்க ஏசினீர்கள். லயத்தில் பத்துப் பேர் பார்க்கவே மன்னிப்புக் கேளுங்கள். டிரெசர் கூலி வீட்டு வாசலில் நின்றார் என்று துரை காதுக்குப் போனால் போகட்டும்.

துணியைப் பற்றி அவளோடு பேசுங்கள். வெள்ளையில் எந்தப் பெண்ணையும் படுக்க வைக்க முடியாது. நீங்கள் வற்புறுத்தினால் இன்னொரு ஜாடி வேறு மறைவில் இருக்கும். ஆற்றுத் தண்ணீரும் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் என்ன வழி என்று அவளையே கேளுங்கள். எனக்குத் தெரியவில்லை. நான் மஞ்சள் பூசி வளர்ந்தவள் அல்ல.

கையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு என்னால் ஆறுதல் எழுத முடியவில்லை. அது இல்லை என்று நான் எழுதினால் நீங்களும் நம்பமாட்டீர்கள். ஆனால் மறைக்காமல் எழுதினீர்கள். இந்த வாரம் நான் சாப்பிட்டது அதனால்தான்.

கால் வீங்கியிருக்கிறது. மற்றபடி சுகம்.

தங்கள்
இசபெல்லா

*

ஒன்பதாங்கட்டைத் தோட்டம்,
செமோர்.
18 அக்டோபர் 1926

அன்பு நிறைந்த இசபெல்லாவுக்கு,

இருளாயிக்குச் சனிக்கிழமை விடியற்காலை நம் பிரசவ அறையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் இன்று காலை வரை சுகம். காய்ச்சல் இல்லை, இன்று காலை நானே கண்ணாடிக்குழல் வைத்துப் பார்த்தேன்.

உன் சொற்படி லயத்துக்குப் போனேன். காளியம்மா சமைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. ஏசியது தப்பு என்று சொன்னேன். அக்கம்பக்கத்துக் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. அவள் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். முடிவில், "முத்தம்மா நான் கையால எடுத்த புள்ள, ஐயா. அவ பொறந்தப்பவும் நான்தான். எனக்குத் தூக்கம் வருதுன்னா நெனைக்கிறீங்க?" என்றாள்.

அதன்பின்தான் துணியைப் பற்றி நீ கேட்கச் சொன்னபடி கேட்டேன். ஆற்றுத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு இருக்கிறது, கொதித்தால்தான் சாகும். கொதித்த தண்ணீர் சடங்குக்கு ஆகாது என்கிறீர்கள். என்ன செய்யலாம் என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பொங்கப் பானையில கொதிக்கிறது மட்டும் என்னவாம்? மஞ்சக்கொத்தக் கட்டி அடுப்புல ஏத்துறோம்ல. பச்சத்தண்ணியில எங்கையால மஞ்சளப் போட்டுட்டு, அப்புறம் நீங்க தீய மூட்டுங்க. தீயில வச்சா தீட்டு போவுமே தவிர வராது. இத மொதல்லயே கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே."

இப்போது செய்வது இது. டப்பாத் துணியைக் காயங்களுக்கு வைத்துக்கொண்டேன். கொதிக்க வைத்தால் அதன் மருந்து போய்விடும். பிரசவத்துக்குச் சாதாரணக் காடாத் துணி. காளியம்மா மஞ்சளைக் கரைத்துத் துணியைப் போடுகிறாள். நான் கொதிக்க வைத்து, பிறகு டப்பாவில் அடைத்து நீராவியில் ஏற்றுகிறேன். அறைக்குள் போனபின்தான் டப்பாவைத் திறக்கலாம். அதற்குமுன் அவளும் முழங்கை வரை கழுவ வேண்டும். கழுவுகிறாள். கார்பாலிக் கையைக் கடிக்கிறது என்று என்னை வைதுகொண்டே கழுவுகிறாள்.

டாக்டர் முதலில் சிரித்தார். "மருந்துத் துணி இருக்க மஞ்சள் துணியா?" என்றார். செய்முறையைப் பார்த்தபின், கொதியும் நீராவியும் சரியாக இருந்தால் நிறத்தைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்றார். ஆனால் ஒரு பிரசவத்தை வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது என்றும், இருளாயிக்குப் பத்து நாள் கழிய வேண்டும் என்றும் எச்சரித்தார். கோலாலம்பூரிலிருந்து இன்னும் பதில் இல்லை.

இருளாயி உனக்காகக் காத்திருக்கவில்லை. வலி எடுத்ததும் தானே நடந்து வந்தாள். டப்பா திறந்து மஞ்சள் துணியைப் பார்த்ததும், "இது போதும்" என்று சொல்லிப் படுத்தாளாம். காளியம்மா சொன்னது.

நாளில் நான்கு தடவை இருளாயி நெற்றியைத் தொடப் போகிறேன். "ஐயா, நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க போய்ப் படுங்க" என்று விரட்டுகிறாள்.

உன்
கஸ்பார்

*

சிலிபின்,
ஈப்போ.
21 அக்டோபர் 1926

அன்புள்ள அத்தானுக்கு,

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அப்பா சீட்டு வாங்கிவிட்டார். இதை எழுதும்போது அது மேசைமேல் இருக்கிறது. ரோசம்மா அக்காளும் வருகிறாள். வழியெல்லாம் உங்களை ஏசிக்கொண்டு வருவாள், ஆனால் வருவாள். ஸ்டேஷனுக்கு மாட்டுவண்டி அனுப்புங்கள். மோட்டார் பஸ் வேண்டாம், குலுக்கும்.

பத்து நாள் கழியட்டும், பிறகு போகலாம் என்றுதான் அக்காள் சொன்னாள். நியாயம்தான். ஆனால் இருளாயி அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. முடிவு தெரியாமலே படுத்திருக்கிறாள். முத்தம்மா காய்ச்சலில் கிடந்தபோது நான் இங்கே ஈப்போவில், வயிற்றுப் பிள்ளைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை பக்கத்தில் இருக்கிறேன்.

எங்கே பெறுவது என்பதை இன்னும் நான் தீர்மானிக்கவில்லை. அதை உங்களிடம் மறைக்கவில்லை. இருளாயிக்கு உடம்பு சுடாமலே இருந்தால், காளியம்மா டப்பாவைத் திறக்கட்டும், நான் அந்த அறைக்குள் போகிறேன். எனக்கென்று தனித் துணி எடுத்து வைக்க வேண்டாம். அவர்களுக்கு எதுவோ எனக்கும் அதுவே. காய்ச்சல் கண்டால் அக்காள் என்னைத் திருப்பிக் கூட்டிவந்துவிடுவாள். அப்போதும் உங்கள்மேல் கோபித்துக்கொண்டு வந்தேன் என்று ஆகாது. இதை நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தெரிந்தது இவ்வளவுதான், அத்தான். இருளாயிக்குப் பத்து நாள் முடிவது வருகிற செவ்வாய்க்கிழமை. கோலாலம்பூர் பதில் மாதக் கடைசிக்குள் வரலாம் என்று டாக்டர் சொன்னதாக அப்பா இங்கே விசாரித்து வந்தார். என் நாள், நவம்பர் இரண்டில் வரும் சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு அடுத்த வாரம் என்று சிலிபின் மருத்துவச்சி சொல்கிறாள். இந்த மூன்றில் என் நாள் மட்டும் சொன்னதற்கு முந்திவிடும் போலிருக்கிறது. நேற்றிலிருந்து பிள்ளை கீழே இறங்கிவிட்டது.

தங்கள்
இசபெல்லா